வெறும் வில்லைகள்

மார்ச் 4
இன்று நாற்பது வில்லைகள். செயற்கை எலும்பில் வெட்டியவை, சட்டைப் பொத்தான் அளவு. எலும்பு தின்னும் செல்கள் அவற்றில் எவ்வளவு குழி பறித்திருக்கின்றன என்று நுண்ணோக்கியில் அளக்க வேண்டும். கண் எரிகிறது. பக்கத்து மேஜைக்காரி என்னைவிட இரண்டு மடங்கு வேகம். உருவத்தைப் பார்த்து எல்லோரும் குருவி என்கிறோம். இருப்பது ஒரே நிரந்தர இடம். அவளுக்கா, எனக்கா?

மார்ச் 11
குருவியின் அப்பாவுக்கு மாரடைப்பு. "அஞ்சு நாள் என் வில்லைத் தட்டுகளைப் பாத்துக்குங்கக்கா. வேற யார்கிட்டயும் விட மனசு வரல" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

மார்ச் 15
அவளுடைய செல் உள்ள வில்லைகளுக்குத் திரவம் மாற்றினேன். செல் இல்லாத வெறும் வில்லைகளுக்கு மறந்துவிட்டேன். காய்ந்து உப்புப் பூத்துவிட்டன. குழி பறித்தது செல்தான், திரவம் அரிக்கவில்லை என்பதற்கு அவைதான் சாட்சி.

மார்ச் 16
மறக்கவில்லை.

மார்ச் 17
குருவி வந்தாள். அப்பா பிழைத்துவிட்டார். தட்டைப் பார்த்ததும் முகம் தொங்கிப்போனது. "திரும்பப் போட்டா மூணு வாரம் ஆகுமேக்கா!" ஆய்வுக் கூட்டத்துக்குப் பத்தே நாள்.
"வெறும் வில்லைய எவன் கேக்கப் போறான்? இருக்கறத வச்சு ஒப்பேத்து" என்றேன். முதுகில் தட்டிக்கூடக் கொடுத்தேன்.

மார்ச் 27
நானே கேட்டேன். எல்லோர் முன்னாலும். "செல் இல்லாத வில்லைகள் எங்கேங்க? இந்தக் குழியெல்லாம் திரவம் அரிச்சதில்லன்னு எப்படிச் சொல்றீங்க?"
குருவி என்னையே பார்த்தாள்.
"இதுகூடவா தெரியாது?" என்றார் பேராசிரியர். சிரிப்பு. நானும் சிரித்தேனா? சிரித்தேன்.
பிறகு மாடிப்படியில் அவள்: "நீங்க கேட்டது நியாயந்தான்க்கா. நான்தான் திரும்பப் போட்டிருக்கணும்."
திட்டித் தொலைச்சிருக்கக் கூடாதா இவ!

ஏப்ரல் 9
வேலை எனக்கு. குருவியை அனுப்பிவிட்டார்கள்.

மே 20
அவள் சோதனையை முதலிலிருந்து செய்யச் சொன்னார்கள். செய்தேன். வெறும் வில்லைகள் வைத்தது வைத்தபடி — ஒரு குழி இல்லை. குருவியின் அளவுகள் அத்தனையும் சரி.
பேராசிரியரிடம் காட்டினேன். "அவதான் போயிட்டாளே. உன் பேர்லயே கட்டுரைய எழுதிடும்மா."
அவள் அளவுகளையும் சேர்த்து எழுத ஆரம்பித்துவிட்டேன்.

ஜூன் 18
குருவி போன் செய்தாள். வேறோர் ஆய்வகத்துக்கு மனு போட்டிருக்கிறாளாம். "பரிந்துரைக்கு உங்க பேரத்தான் குடுத்திருக்கேன். கோவிச்சுக்காதீங்கக்கா."

ஜூன் 24
படிவம் வந்தது. கடைசிக் கேள்வி: வேலையில் கவனம் எப்படி?
வேலை கிடைத்தால் இதே துறையில் இருப்பாள். என் கட்டுரையைப் படிப்பாள். எண்கள் யாருடையவை என்று அவளுக்குத் தெரியாதா?
'போதாது' என்று எழுதினேன். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று ஒருமுறை சரிபார்த்து அனுப்பினேன்.