பாதுகாத்துவிட்டார்கள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், அவளுடைய மூட்டுவலியும் அவளோடு சுகமாகவே இருக்கிறது. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும்.

இப்போது என் வயிற்றெரிச்சலைக் கேள். நம் பஞ்சர் கடைக்கு எதிரே, சாலை வளைவுக்கு மேலே, கற்சரிவில் உன் ஊதாப் பூ இருந்ததே, அதைப் பாதுகாக்கச் சொல்லி வனத்துறைக்கு மனு போட்டாயே, பாதுகாத்துவிட்டார்கள். ஆட்கள் லாரியில் வந்து, கற்களையெல்லாம் பொறுக்கி நம் கடைக்குப் பின்னால் கொட்டிவிட்டு, சரிவில் கறுப்பு மண்ணும் எருவும் போட்டு, சுற்றிலும் செங்கல் அடுக்கி வெள்ளையடித்துப் பாத்தி கட்டிவிட்டார்கள். காலையும் மாலையும் குழாய்த் தண்ணீர் வேறு. கல்லிடுக்குதான் அதற்கு வீடு, தண்ணீர் நின்றால் வேர் அழுகிவிடும், குளிரில் மேலே காய்ந்து செத்தது போலக் கிடந்தாலும் வேர் அடியில் உயிரோடிருந்து வருஷா வருஷம் முளைக்கும் என்று நீ எத்தனை முறை சொல்லியிருக்கிறாய். அதை அப்படியே அதிகாரியிடம் ஒப்பித்தேன். "உங்க பொண்ணு போட்ட மனுவுலதானே எல்லாம் நடக்குது, இப்ப நீங்களே குறை சொன்னா எப்படி" என்று என் வாயை அடைத்துவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் அன்று ஒட்டிய டியூபெல்லாம் மறுநாளே திரும்பி வந்தன.

நானும் அம்மாவும் போய்க் கொஞ்சம் கற்களைத் திரும்ப வைத்துப் பார்த்தோம். தண்ணீர் ஊற்ற வரும் தோட்டக்காரர் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைக்கிறார். "மேலிடத்து உத்தரவுங்க, நான் என்ன பண்றது" என்று சொல்லி எனக்கு டீயும் வாங்கிக் கொடுக்கிறார். அப்படிப்பட்டவரோடு எப்படிச் சண்டை போடுவது, சொல். இந்நேரம் சரிவெல்லாம் ஊதாவாக இருக்க வேண்டும், பாத்தியில் புல்தான் அமோகமாக வளர்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் உன்மேலும் எரிச்சல் வருகிறது. இத்தனை படித்தவள், எப்படிப் பாதுகாக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்து எழுதக் கூடாதா? நான் இப்படிச் சொன்னால் அம்மா உனக்குப் பரிந்துகொண்டு வருகிறாள், அது வேறு எரிச்சல்.

உடனே இன்னொரு மனு எழுது. பாதுகாக்கச் சொல்லாதே, கற்களைப் பழையபடி போட்டுவிட்டுச் சும்மா விடச் சொல். கண் விழித்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. நீ எடுத்த காரியமெல்லாம் ஜெயமாகட்டும், நல்லபடியாகவும் முடியட்டும்.

முக்கியமாக ஒன்று. கடைக்குப் பின்னால் கொட்டிய கற்களோடு வேரும் வந்திருக்கும் போல, அந்தக் குவியலில் நேற்று ஒரு செடி பூத்திருக்கிறது. ஊதாதான். யார் கண்ணிலும் படாமல் அம்மா பழைய டயர்களை முன்னால் அடுக்கி வைத்திருக்கிறாள். மனுவில் அதைப் பற்றி மட்டும் மூச்சு விடாதே.

இப்படிக்கு,
அப்பா