மணி அடித்த அறை

22 ஜூலை 2025, செவ்வாய்

செங்கம் ரோட்டில் திருமலை சாருடைய லாட்ஜ் வேலை முடிந்தது. பன்னிரண்டு அறை, பன்னிரண்டு போன், மூன்று நாள். அறை எண் எதுவோ அதுவே போன் எண்: 101 முதல் 112 வரை. வரவேற்புக்கு 9. வெளியே பேச முதலில் 0. குழந்தைக்குக்கூடப் புரியும். முன்னால் செய்தவன் 21, 22 என்று அறைக்குச் சம்பந்தமே இல்லாமல் கொடுத்து வைத்திருந்தான். மக்கு என்று மனசுக்குள் திட்டினேன்.

108ஆம் அறை சாருக்கு உயிர். ஜன்னலைத் திறந்தால் மலை. அதன் போனுக்கும் 108தான் வரணும் என்றார், கொடுத்தேன். வேங்கிக்காலில் கடை வைத்து இந்த வேலை செய்கிற ஒரே பொம்பளை என்று நாலு பேரிடம் என்னைப் பெருமையாகச் சொன்னார். இளித்துக்கொண்டு நின்றேன்.

9 ஆகஸ்ட், சனி

பௌர்ணமி. கூட்டத்தில் ஊரே நகரவில்லை. காலையில் திருமலை சார் போன். கிரிவலம் முடித்து வந்து 104இல் படுத்த பெரியவருக்கு விடிகாலையில் பக்கவாதம். அவர் மனைவி 108க்கு அடித்து அடித்துப் பார்த்தும் ஆம்புலன்ஸ்காரர்கள் எடுக்கவே இல்லையாம். கடைசியில் ஆட்டோவில் கொண்டுபோனார்களாம். நானும் சேர்ந்து அவர்களைத் திட்டினேன்.

சாயங்காலம் டீ குடிக்கும்போதுதான் தோன்றியது, எந்தப் போனிலிருந்து அடித்தார்கள் என்று. சாரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அந்தம்மா செல்லில் சார்ஜ் இல்லையாம். அறை போனில்தான் அடித்தாராம்.

10 ஆகஸ்ட், ஞாயிறு

சும்மா செக் பண்ண வந்தேன் என்று பொய் சொல்லி, லாட்ஜ் போன் பெட்டியில் லேப்டாப்பைச் செருகினேன். அழைப்புப் பட்டியலில் இருக்கிறது. 104இலிருந்து 108. காலை 5.10. பிறகு 5.18, 5.31, 5.50. நான்கும் வெளியே போகவே இல்லை. நாலு கதவு தள்ளி, மலை சுற்றப் போனவர்கள் பூட்டிவிட்டுப் போன அறையில் அடித்திருக்கின்றன.

அறை பெருக்கும் வள்ளி தானாகவே சொன்னாள். "நூத்தியெட்டுல போன் அடிச்சிக்கினே இருந்துச்சுக்கா. பூட்டியிருந்துச்சு, நான் கண்டுக்கல."

அந்த அறைக்கு 38 என்று கொடுத்தேன். 0 போடாமலே 108 வெளியே போகிற மாதிரி வழி போட்டேன். ஆறு நிமிஷம். அன்றைக்கே செய்திருக்க வேண்டிய ஆறு நிமிஷம். 21, 22 கொடுத்தவன் மக்கு இல்லை.

சாரிடம் என்ன சொன்னேன்? சின்ன அப்டேட் என்றேன். எழுதவே கூசுகிறது.

11 ஆகஸ்ட், திங்கள்

அம்மா ஜபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். நூற்றியெட்டு மணி. எழுந்து வெளியே போய்விட்டேன்.

13 ஆகஸ்ட், புதன்

பெரியவர் பெயர் ராமன். குடியாத்தம். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போய்விட்டதாம். இன்னும் சீக்கிரம் வந்திருந்தால் என்றாராம் டாக்டர். ஆம்புலன்ஸ்காரர்கள் மேல் மகன் கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கப் போகிறாராம். கலெக்டர் ஆபீஸ் என் கடையிலிருந்து கூப்பிடு தூரம். அன்றைக்கு டியூட்டியில் இருந்த யாரோ ஒருவர், தனக்கு வராத போனுக்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்பார்.

அந்தப் பட்டியலை அழிக்க ஒரு பட்டன் போதும் — யோசித்தேன். ஆமாம், யோசித்தேன். பின்னால் என்னை நானே நல்லவள் என்று நினைத்துக்கொள்ளக்கூடாது, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

14 ஆகஸ்ட், வியாழன்

பட்டியலைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு முதலில் சாரிடம் போனேன். லாட்ஜ் பேர் கெட்டுவிடும், விட்டுவிடு என்றார். ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டு வாசலில் மகனும் அந்தம்மாவும். மணியம்மாள் என்று பெயர். சொன்னேன். எல்லாவற்றையும்.

மகன் காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு கத்தினார். அது தேவலை. மனுவில் யார் பெயரை எழுதணும் என்றார். யமுனா என்று எழுத்துக்கூட்டிச் சொன்னேன். மணியம்மாள் கத்தவில்லை.

"மணி அடிச்சுதும்மா," என்றார். "கூட்ட நாளு, எப்படியும் எடுப்பாங்கன்னு அவரு தலைய மடியில வச்சிக்கினு உக்காந்திருந்தேன். அடிக்காம இருந்திருந்தா ஒடனே கீழ ஓடியிருப்பேனே."

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. ஐயோ, அடிச்சுதே. நான்தானே அடிக்க வச்சேன்.

30 ஆகஸ்ட், சனி

இதுவரை நான் போன் போட்ட ஒன்பது லாட்ஜுக்கும் போய்ப் பார்த்துவிட்டேன். இரண்டில் அதே 108. காரணத்தைச் சொல்லியே மாற்றினேன். ஒருவர், இனிமேல் நீ வர வேண்டாம் என்றார்.

21 செப்டம்பர், ஞாயிறு

ராமன் வீட்டுக்குப் போய்விட்டாராம். மணியம்மாளின் செல்லுக்குக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

28 செப்டம்பர், ஞாயிறு

எடுக்கவில்லை.

5 அக்டோபர், ஞாயிறு

எடுக்கவில்லை. மணி நிற்கிற வரைக்கும் போனைக் காதிலிருந்து எடுக்க முடியவில்லை. எடுப்பார்கள் என்றுதான் தோன்றுகிறது.

2 நவம்பர், ஞாயிறு

நாலாவது மணியில் எடுத்தார்கள். பேச்சு இல்லை, மூச்சு மட்டும் கேட்டது. தப்பான நம்பரோ என்று பார்த்தேன். பிறகு ஒரு ஆண் குரல், கஷ்டப்பட்டு, எழுத்து எழுத்தாக.

"அ... லோ."

யாருங்க போன்ல என்று மணியம்மாள் உள்ளேயிருந்து கேட்டார்.

"யமுனா பேசறேங்க," என்றேன். "லாட்ஜில போன் போட்டவ."

ராமன் போனை வைக்கவில்லை.