யாரும் வராத சாரல்

என் கூடப்பிறந்த கோமதி அக்காவுக்கு,

வடிவு எழுதுகிறேன். கடுதாசி என்றால் சுகமா என்று கேட்டுத் தொடங்க வேண்டும் என்று நாலாம் வகுப்பில் சொல்லித் தந்தார்கள். அதற்கு மேல் நான் படிக்கவில்லை. உன்னிடம் சுகம் கேட்பதா, கேட்காமல் விடுவதா என்று யாரும் சொல்லித் தரவில்லை. தெரியாமலேயே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

இங்கே ஆனி பிறந்து சாரல் விழுகிறது. ஐந்தருவியில் தண்ணீர் நிறைந்து கொட்டுகிறதாம். உன் கொழுந்தன், அதுதான் என் வீட்டுக்காரர், வந்து சொன்னார். அவர் எப்போதும்போல தென்காசி ஸ்டேஷனுக்கும் குற்றாலத்துக்கும் குதிரை வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார். அத்தான் துணிக்கடைக்குப் போகிறார், வருகிறார், சாப்பிடுகிறார். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் அக்காவையும் தங்கச்சியையும் கொடுத்தபோது, ஒரே வீட்டில் இருக்கட்டும், ஒருத்திக்கு ஒருத்தி துணை என்றார் நம் அப்பா. இப்போது அடுப்படியில் நான் மட்டும் நிற்கிறேன்.

உன் மகள் செல்லம் நன்றாக இருக்கிறாள். வளர்ந்துவிட்டாள். உன் நெற்றி அவளுக்கு.

ஆனால் அக்கா, இந்தச் சாரலுக்கு நம் வீட்டுக்கு ஒருத்தரும் வரவில்லை.

நீ இதைக் கேட்டால் நம்பமாட்டாய். வெயிலில் வெந்த சொந்தக்காரர்கள் எல்லாம் ஆனி பிறந்ததும் அருவியில் குளிக்க நம் வீட்டில்தானே வந்து இறங்குவார்கள். வந்தவர்களின் உச்சியில் நல்லெண்ணெய் வைத்து, வண்டி பூட்டி அனுப்பி, அவர்கள் திரும்பும்போது சுடுசோறும் துவையலும் தயாராக வைத்திருக்க வேண்டும். அருவியில் குளித்துவிட்டு வருகிறவர்களின் பசி தனிப் பசி. சீசன் நாளில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனவள் என்று நம் பக்கத்தில் ஒரு பொம்பளையும் பெயர் வாங்கியதில்லை.

"ஊரெல்லாம் லீவுக்கு நம்ம வீட்டுக்கு வருது. நாம லீவுக்கு எங்கட்டி போக?" என்று நீ என்னிடம் கேட்பாய்.

நெல்வேலியில் ஆனித் திருவிழாவுக்குப் பொருட்காட்சி போடுகிறார்கள், ஆள் உட்கார்ந்து வானத்துக்குப் போய் வருகிற பெரிய ராட்டினம் வந்திருக்கிறது என்று பீடிக்கடையில் கேட்டுவிட்டு வந்தவள் நீதான். செல்லத்தை அதில் ஏற்றிவிட வேண்டும் என்று அன்றே சொன்னாய். அதன் பிறகு மடியில் சுளகை வைத்து இலை சுருட்டுகிற நேரமெல்லாம் நமக்கு அதுதான் பேச்சு. பீடிக் கூலியில் கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சள்பொடி டப்பாவில் போட்டு வந்தோம். நயா பைசா வந்த புதுசு. அணாவில் கூட்டினால் எட்டுகிற செலவு, பைசாவில் கூட்டினால் எட்டவில்லை. "அப்ப அணாவுலயே வச்சுக்கிடுவோம்ட்டி" என்றாய்.

திட்டம் எல்லாம் உன்னுடையது. "சோத்தக் கட்டிட்டுப் போயிருவோம். ஓட்டல் பக்கம் திரும்பிப் பாக்கக்கூடாது. உள்ள போனா ராட்டினத்துக்கு மட்டுந்தான் துட்டு. மத்ததெல்லாம் வெளிய நின்னு பாத்தாப் போதும்."

"தலை மட்டும் இருக்க பொம்பளை ஒருத்தி பேசுதாளாம்க்கா. அதையாவது பாக்க வேண்டாமா?" என்றேன்.

"தலை மட்டும் பேசுததப் பாக்க டிக்கெட் எதுக்குட்டி? நம்ம தூத்துக்குடி மதினி வந்தா, கட்டில்ல சாஞ்சுக்கிட்டு அதத்தான செய்யுதா."

அப்படிச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். ஆனால் ஒவ்வொரு வருசமும் சாரல் வந்தால் மதினியும் வருவாள். டப்பா எண்ணெயாகவும் அரிசியாகவும் கரைந்து போகும்.

போன வருசம் நீ பிடிவாதமாக நின்றாய். விருந்து வருவதற்கு முன்னால், ஆனி பிறந்ததுமே கிளம்பிவிட வேண்டும் என்றாய். அத்தானும் லீவு போட்டுவிட்டு வந்தார். விடிகிற நேரத்தில் புளியோதரை கட்டி, உன் கொழுந்தன் வண்டியில் ஸ்டேஷனுக்குப் போனோம். டிக்கெட்டை முந்தானையில் முடிந்துகொண்டாய். நெல்வேலியிலிருந்து வருகிற ரயில் முதலில் வந்து நின்றால்தான் நம் ரயில் புறப்படும். அதற்காக நின்றோம். வந்து நின்ற ரயிலில் இருந்து மதினி இறங்கினாள். பின்னால் அவள் பிள்ளைகள், மூட்டை, தலையணை.

"ஏட்டி கோமதி, ஏட்டி வடிவு, எங்களக் கூப்பிட ஸ்டேசனுக்கே வந்துட்டியளா? லெட்டர் கூடப் போடலியே. எப்படித் தெரிஞ்சுது?"

நீ ஒரு நொடி கூட எடுக்கவில்லை. "சொப்பனம் கண்டேன் மதினி" என்றாய்.

"பாத்தியளா, சோறு வேற கட்டிட்டு வந்திருக்கா. என் தம்பி பொண்டாட்டி மாதிரி ஒருத்தி வருவாளா" என்று அவள் அங்கேயே பெஞ்சியில் பொட்டலத்தைப் பிரித்துவிட்டாள். அத்தான் தன் அக்காவின் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். "அப்ப ராட்டினம்?" என்று கேட்ட செல்லத்தின் வாயில் நீ ஒரு உருண்டை சோற்றை வைத்தாய். நம் ரயில் நம் கண் முன்னால் போனது. வெளியே வந்தபோது, இப்போதுதான் இறக்கிவிட்ட ஆட்கள் ஒரு படையோடு திரும்பி வருவதைப் பார்த்து உன் கொழுந்தன் விழித்த விழி இருக்கிறதே.

மறுநாள் மதினியைக் கூட்டிக்கொண்டு மெயினருவிக்குப் போனோம். தண்ணீருக்குள் போனதும் நீ என் தோளைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாய். நானும் குலுங்கினேன். அந்த இரைச்சலில் யாருக்கு எது கேட்கும்? நான் சிரித்தேன், அது எனக்குத் தெரியும். நீ சிரித்தாயா அக்கா? தண்ணீரில் உன் முகம் தெரியவில்லை. வெளியே வந்து கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

தையில் நீ காய்ச்சல் என்று படுத்தாய். கசாயம் கொடுத்தோம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். படுக்கையில் கிடந்தும் உன் வாய் சும்மா இருக்கவில்லை. "இந்தத் தடவ முன்னாடியே லெட்டர் போட்டுருவோம்ட்டி. வீட்டுல அம்மை போட்டிருக்கு, யாரும் வராதியன்னு" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாய். இருமல்தான் வந்தது.

அம்மை என்று பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை அக்கா. சாவு விழுந்த துட்டி வீட்டுக்கு யார் குளிக்க வருவார்கள்? மதினி ஒரு கார்டு போட்டிருந்தாள். கோமதி இல்லாத வீட்டில் என்னால் எண்ணெய் தேய்த்துக் குளிக்க முடியாது என்று எழுதியிருந்தாள். அவளைக் குறை சொல்லமாட்டேன். உனக்காக நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதவள் அவள்.

ஆனி பாதி போய்விட்டது. எண்ணெய் வாங்கவில்லை, கூடுதலாக அரிசி வாங்கவில்லை. மஞ்சள்பொடி டப்பா அப்படியே கனமாக இருந்தது. எத்தனை வருசம் அது இப்படி நிறைய வேண்டும் என்று ஆசைப்பட்டோம். நீ போனதால் மிஞ்சியது என்று நினைத்தபோது அதைத் தொடவே கை கூசியது.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த செல்லம் அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றாள். "சித்தி, இந்த வருசந்தான் யாரும் வரலையே. நாம போலாமா?"

யாரும் வராதது எதனால் என்று அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்டாள். கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை.

அத்தானிடம் சொன்னேன். "தலைத்திவசம் கழியல. திருவிழாக் கூட்டத்துல பிள்ளையக் கொண்டுபோயி ராட்டினத்துல ஏத்துனா ஊரு என்ன சொல்லும்? அவ அம்மையத் தூக்கிக் கொடுத்துட்டுக் கொண்டாடுதாவன்னு சொல்லாதா?" என்றார்.

அத்தானிடம் நான் எதிர்த்துப் பேசியதில்லை, உனக்குத் தெரியும். அன்று பேசினேன். வாசலைப் பார்த்துக்கொண்டுதான் பேசினேன். "அடுத்த வருசம் மதினி வருவாவ, எல்லாரும் வருவாவ. நான் ஒத்தையில பொங்கிப் போடணும், எங்கன போக? அதுக்குள்ள இவ பெரிய மனுசி ஆயிட்டா ராட்டினத்துல ஏத்த விடுவியளா? போகக் கூடாத வருசத்துலதான் போக முடியுது அத்தான். நான் என்ன செய்ய?"

அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். மறுநாள் காலை கடைக்குக் கிளம்பும்போது வாசற்படியில் நின்று, திரும்பாமலே சொன்னார். "பழைய பாவாடையே போதும். தலையில பூ வைக்காண்டாம்."

அவர் தெருமுனை தாண்டிய பிறகுதான், போய்வா என்று சொல்லியிருக்கிறார் என்பது எனக்கு விளங்கியது. உன்னிடமும் இப்படித்தான் பேசுவாரா?

உன் கொழுந்தன் சீசன் நாளில் குதிரையை அவிழ்த்துக் கட்டிவிட்டு எங்களோடு வந்தார். "சவாரி நாளைக்கும் வரும்" என்றார். ஸ்டேஷனில் எதிர் ரயில் வந்து நின்றது. சாரலுக்கு வந்த கூட்டம் திமுதிமுவென்று இறங்கியது. யாராவது "ஏட்டி வடிவு" என்று கூப்பிடுவார்களா என்று கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டே நின்றேன். வந்துவிடக்கூடாது என்று பார்த்தேனா, வந்தால் தேவலை என்று பார்த்தேனா? ஒருத்தரும் கூப்பிடவில்லை. எங்கள் ரயில் கிளம்பியது.

பொருட்காட்சி வாசலில் ஒரு பூக்காரி செல்லத்தைப் பார்த்துவிட்டாள். "திருவிழாவும் அதுவுமா பிள்ள தலை ஏன் இப்படி இருக்கு? அம்மா வச்சு விடலியா?" என்று கேட்டு, நான் வேண்டாம் என்பதற்குள் ஒரு துண்டு பிச்சியைக் கிள்ளி அவள் கையில் வைத்தாள். செல்லம் அதைத் தலையில் வைக்கவில்லை. கீழேயும் போடவில்லை. மூடிய கைக்குள்ளேயே வைத்துக்கொண்டு நடந்தாள்.

நீ சொன்னபடியே நடந்தோம். தலை பேசுகிற கூடாரத்தை வெளியே நின்று பார்த்தோம். மோட்டார் சைக்கிள் கிணற்றின் சத்தத்தை மட்டும் கேட்டோம். கட்டுச்சோற்றைச் சாப்பிட்டோம். துட்டு ராட்டினத்துக்கு மட்டும்.

பெட்டிக்கு இரண்டு பேர் என்றார்கள். செல்லமும் நானும் ஏறினோம். உன் கொழுந்தன் எங்கள் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கீழே நின்றார். மேலே ஏறுகிறபோது ஒன்றும் தெரியவில்லை. உச்சியிலிருந்து சட்டென்று கீழே இறங்கியபோது கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். அப்போது பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. செல்லம் சிரித்தாள். தைக்குப் பிறகு அந்தச் சிரிப்பு நம் வீட்டில் கேட்கவே இல்லை அக்கா.

சிரித்தவள் உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். கண் என்னைப் பார்த்து மிரண்டது. "சித்தி, நான் சிரிச்சிட்டேன்."

"அதுக்கென்ன?"

"சிரிக்கலாமா?"

இத்தனை நாளாக நாங்கள் எல்லாரும் சேர்ந்து அந்தப் பிள்ளைக்கு எதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம் என்று அப்போதுதான் தெரிந்தது. யாரும் வாய் திறந்து சொன்னதில்லை. அவளாகவே படித்திருக்கிறாள். "நீ சிரிக்கணும்னுதான் உங்க அம்மை இங்க வரணும்னா" என்றேன். அவள் கையை எடுக்கவில்லை.

ராட்டினம் மறுபடி மேலே போனது. உச்சிக்குப் போனதும் பெட்டி ஆட ஆரம்பித்தது. பயந்துபோய் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தாள். பூ காற்றில் போய்விட்டது. வாயைப் பொத்துவதற்குக் கை மிச்சமில்லை. கீழே இறங்கியபோது அடக்க முடியாமல் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நான்தான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதேன். நல்லவேளை, ராட்டினத்தில் அழுகிறவர்களைப் பயத்தில் அழுகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அத்தான் செல்லத்திடம், "பயந்தியா?" என்று கேட்டார். "முதல்ல" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. அவள் மேலே போனதையும் இறங்கியதையும் கையை வைத்துச் சுற்றிக் காட்டினாள். அவர் சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதை நாலு பேர் படித்தாலும் படிக்கட்டும். விருந்து வருகிற வீட்டில் வாழ்க்கைப்பட்ட பொம்பளைகள் படிக்கட்டும். அடுத்த ஆனிக்கு நம் வீடு மறுபடி நிறையும். எண்ணெய் வாங்குவேன், துவையல் அரைப்பேன், குறை வைக்கமாட்டேன். ஆனால் ஒருநாள், ஒரே ஒருநாள், செல்லத்தைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். அவள் பெரியவளானாலும் கூட்டிக்கொண்டு போவேன். மதினி வாசலில் வந்து நின்றால் சாவியை அவள் கையில் கொடுப்பேன். "அரிசி பானையில இருக்கு மதினி. நீங்க பொங்கிச் சாப்பிடுங்க. நாங்க சாயங்காலம் வந்துருவோம்" என்பேன். நீயாக இருந்தால் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவாய். எனக்கு நாக்கு எழுமா என்று தெரியவில்லை. பீடி சுருட்டும்போது தனியாக உட்கார்ந்து சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன். சொல்லிவிடுவேன் அக்கா.

இப்படிக்கு,
உன் தங்கச்சி, உன் பிள்ளைக்குச் சித்தி,
வடிவு