பாதி உரித்த எலுமிச்சை

மிடில்பர்க்,
1763 செப்டம்பர்

என் அன்புக் கணவர் வவுட்டருக்கு ஆலெய்டா எழுதுவது. இங்கே நானும் பூனையும் நலம். நீங்கள் எந்தக் கரையில் இருந்தாலும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டுகிறேன்.

நீங்கள் போன அதே பத்தாவியாத் துறைமுகத்துக்குப் போகும் மாலுமி ஒருவரிடம் இந்தக் கடிதத்தைக் கொண்டுபோவீர்களா என்று கேட்டேன். "அவரு போன கப்பலே வரலியேம்மா, யாருகிட்டக் கொடுக்கிறது?" என்றார். கூடப் போன கப்பல்கள் எல்லாம் திரும்பிவிட்டன, எனக்கும் தெரியும். நாளை அவர் கையில் திணித்துவிடுவேன்.

பழ ஓவியம் முடிந்துவிட்டது. பீச் பழம் சீக்கிரம் அழுகும் என்பதால் அதை முதலில் தீட்டினேன், தீட்டியதும் நானே தின்றேன். பிறகு திராட்சை. கடைசியாக எலுமிச்சை. பாதி உரித்து, தோல் மேசை விளிம்பில் சுருண்டு தொங்காவிட்டால் இந்த ஊரில் அதைப் பழ ஓவியம் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்களே. பக்கத்தில் உங்கள் கொம்புப்பிடிக் கத்தியை வைத்தேன்.

ஓவியர் சங்கத் தலைவர் லம்பெர்ட் பார்க்க வந்தார். சங்க விதிப்படி, ஓவியரின் விதவை என்றால் தன் பெயரில் ஓவியம் விற்கலாம், அவர் கடையையும் நடத்தலாம். மனைவிக்கு அந்த உரிமை இல்லை. அவர் எலுமிச்சையையே பார்த்துக்கொண்டு நின்றார். "பாதியில நின்னுபோன வாழ்க்கைன்னு நீ அழகாச் சொல்லிட்டேம்மா. சாவுக்கு அடையாளமா ஓரத்துல ஒரு மண்டையோடு தீட்டிடு. கறுப்பு உடுத்திக்கிட்டு வந்து விதவைன்னு கையெழுத்துப் போடு. நாளைக்கே உன் பேர்ல சங்கத்துல மாட்டிடறேன்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"உரிச்சவர் எழுந்து வெளியே போயிருக்கார், ஐயா. வந்து மீதியை உரிப்பார்" என்றேன்.

"வீம்பு பிடிச்சா கடையை மூட வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் படி இறங்கியதும் மெல்லிய தூரிகையை எடுத்தேன். கத்திக்குக் கீழே, மேசை விளிம்பில், "வவுட்டரின் மனைவி ஆலெய்டா தீட்டியது" என்று எழுதினேன். சந்தை நாளன்று தெருப்பக்க ஜன்னலில் மாட்டினேன்.

கூட்டம் கூடிவிட்டது. மீன் விற்கும் நேல் இருக்கிறாளே, வாயாடி, அவளும் வந்தாள். "கத்திப் பிடி ஏண்டி தெருவைப் பாத்து நீட்டிக்கிட்டிருக்கு?" என்றாள். "வர்றவர் கைக்கு வாகா இருக்கணும்ல" என்றேன். என்றைக்கும் கேலி பேசுகிறவள் அன்று ஒரு மீனை வாசலில் வைத்துவிட்டுப் போனாள்.

ஓவியத்தை இறக்கச் சொல்லி சங்கத்திலிருந்து ஆள் மேல் ஆள் வருகிறது. நான் இறக்கவில்லை. கடையை மூடினால் மூடட்டும், நாலு வீட்டுத் துணி துவைத்துப் பிழைப்பேன். கறுப்பு மட்டும் உடுத்த மாட்டேன்.

கடவுள் உங்களைக் காக்கட்டும். பட்டு வேண்டாம், கிராம்பு வேண்டாம், வெறுங்கையோடு வாருங்கள். தெருமுனை திரும்பினாலே ஓவியம் தெரியும். அந்த எலுமிச்சை காய்ந்து கல்லாகிவிட்டது, ஆனாலும் நான் எறியவில்லை. நீங்கள் வந்து மீதியை உரிக்க வேண்டும்.

இப்படிக்கு,
வவுட்டரின் மனைவி
ஆலெய்டா