தொடையில் ஒட்டிய வில்லை

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகம்தானே. குழந்தை பிறந்து இன்றோடு ஆறு நாள். நீ கூப்பிட்டபோதெல்லாம் பேச வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எனக்குக் கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தது உனக்குத் தெரியும். பிறந்ததும் அவளுக்குச் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிட்டது. விட்டால் மூளையைப் பாதிக்குமாம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். கையில் குளுக்கோஸ் ஏறுகிறது. மூன்று மணிக்கொரு தரம் குதிகாலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்.

எட்டு வருஷமாக இதே ஆஸ்பத்திரி லேபில், பிறந்த குழந்தைகளின் குதிகால்களைக் குத்துவதுதானே என் வேலை. முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அம்மாக்களிடம், "ஒண்ணும் ஆகாதும்மா, எறும்புக்கடிதான்" என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! மூன்றாம் நாள் லேபிலிருந்து வந்தவள் என்னிடம் வேலை பழகியவள். காயம் படாத இடமே இல்லையென்று கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். "இப்படிக் குடு" என்று ஊசியை வாங்கி நானே குத்தினேன். ஒரே குத்தில் ரத்தம் வந்தது. "உங்க கை ராசியான கை" என்றாள். குழந்தை வீறிட்டு அழுதது. எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை அக்கா. பஞ்சை வைத்து அழுத்தினேன். அளவைப் பார்த்தேன். எழுதிக் கொடுத்தேன். என் வீட்டுக்காரர்தான் வாசலில் நின்று அழுதார்.

மறுநாள் டாக்டரம்மா வந்து, தொடையில் ஒரு சின்ன வில்லை ஒட்டலாமா என்று கேட்டார். முடி போன்ற இழை ஒன்று தோலுக்கடியில் இருக்கும். ஐந்து நிமிஷத்துக்கொரு தரம் அளவு தானாகத் திரையில் வரும். "குத்தவே வேணாம்னு சொல்ல மாட்டேன். சரிபாக்க ஒரு நாளைக்கு ரெண்டு தடவை, அவ்வளவுதான்" என்றார். வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார்.

இப்போது அளவு இறங்காமல் நிற்கிறது. குளுக்கோஸைக் குறைத்துவிட்டார்கள். குதிகால் ஆறிவருகிறது. அசையாமல் தூங்குகிறாள். "பொறந்ததும் பொறக்காததுமா வாட்ச் கட்டிக்கிட்டா பாரு" என்று நர்ஸ் சிரிக்கிறார். நானும் சிரித்துவைக்கிறேன்.

நாளை மடியில் தருவதாகச் சொல்கிறார்கள். நேற்றே தருகிறோம் என்றார்கள். தலை சுற்றுகிறது என்று தட்டிக்கழித்துவிட்டேன்.

யார் சாயல் என்று கேட்டிருந்தாய். அவள் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருக்கிறேன். திரையில் வந்த எண்களைக் கேள், தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். முகத்தைக் கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

உனக்கு லீவு கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். இருந்தாலும் வா அக்கா. வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் யாரைப்போல இருக்கிறாள் என்று எனக்குச் சொல்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
தங்கை