கயிறு பிடிக்க ஆள் வேண்டும்

ஞாயிறு, ஆவணி 8

பதினோரு தடவை செத்தேன், அதுவும் கேமராவுக்கு முன்னால். பழைய டிவி கேம்களை ஆடிப் பார்த்து மார்க் போடும் என் யூடியூப் சேனலில், இன்று மகள் பிரின்சி தானே எழுதிக் கேசட்டில் ஏற்றிய சங்குகுளி ஆட்டம். அவளுடைய முதல் ஆட்டம். மற்றவர்களுக்குப் போடுவது போலவே மார்க் போடச் சொல்லியிருந்தாள்.

ஆள் கடலில் இறங்குகிறான், சங்கு எடுக்கிறான், மேலே மட்டும் வரமாட்டேன் என்கிறான். "கோளாறான ஆட்டம், பத்துக்கு ரெண்டு" என்று மேதாவி போலப் பேசி முடித்தேன்.

கதவருகே நின்றவளின் முகம் வாடியது. பிறகு தரையில் கிடந்த இரண்டாவது ஜாய்ஸ்டிக்கைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

"யப்பா, தாத்தா சங்கு குளிக்கப் போவும்போது கயித்த யாரு பிடிச்சாவ?"

"அவுக மச்சான்தான். தங்கச்சி தாலிய நெனச்சாவது விடாம இழுப்பாருல்லா."

"அப்பம் நீங்க ஒத்தையில குதிச்சா யாரு இழுப்பா?"

சங்குகுளிக்காரன் மகனுக்கு இது தோன்றவில்லையே! பேசியதை அழித்துவிட்டு மறுபடி ஆடினோம். நான் பொத்தானை அமுக்கினால் கயிறு ஆடும். உடனே அவள் இழுக்க வேண்டும். ஒன்பது சங்கோடு மேலே வந்தேன். நாங்கள் போட்ட கூச்சலில் என் மனைவி தோசைக் கரண்டியோடு ஓடிவந்தாள். பத்துக்கு எட்டு போட்டேன்.

"மகள்னு கூட்டிப் போடலையே?"

"குறைச்சுல்லா போட்டிருக்கேன்."

கடைசித் தடவை நான் பொத்தானை வேண்டுமென்றே அமுக்கவில்லை. மூச்சு தீரும் முன்பே அவளாக இழுத்துவிட்டாள். அதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.