எட்டு அங்குலத் தரை

ஜனவரி 8

அன்புள்ள ஸ்பானருக்கு,

வீட்டுக்குப் பின்னால் சொந்தமாகக் கார் பட்டறை போடப்போகிறேன் என்று நீ சொன்ன அன்று என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "அண்ணா, பட்டறைக்கு முதல்ல என்ன வேணும், சொல்லுங்க பாப்போம்." வண்டியைத் தூக்கும் லிஃப்ட் என்றேன், காற்றடிக்கும் கம்ப்ரஸர் என்றேன், நல்ல விளக்கு என்றேன். முப்பத்தெட்டு வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்தவனை ஃபெயிலாக்கிவிட்டு, "தரைண்ணா. மத்ததெல்லாம் அதுமேலதானே நிக்கணும்" என்றாய்.

அந்தத் தரை இன்று முடிந்தது. நீ பஸ் டிப்போ வேலையில் இருப்பதால் உன் வீட்டில் தங்கிப் பார்த்துக்கொள்கிறேன் என்ற வாக்கைக் காப்பாற்றிவிட்டேன். லிஃப்டின் தூண்கள் நிற்கும் பாதியில் கம்பி கட்டி எட்டு அங்குலம். மற்ற பாதியில் நான்கு. நீ அனுப்பிய படத்தைச் சுவரில் ஒட்டிவைத்துத்தான் வேலை நடந்தது. கோடு போட்ட குச்சியை ஈரக் கான்கிரீட்டில் ஏழு இடத்தில் விட்டுப் பார்த்தேன். கொத்தனாருக்குச் சலித்துவிட்டது. "பரீட்சை பேப்பர் மாதிரி திருத்துறீங்களே சார், எனக்கு எத்தனை மார்க்?" என்றார். தொண்ணூற்றெட்டு என்றேன். "அந்த ரெண்டு எங்க போச்சு?" என்று சாயங்காலம்வரை விடவில்லை.

மேலே மெழுகிய பிறகு எந்தப் பாதி கனம், எந்தப் பாதி மெலிசு என்று பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு மாதம் இறுகட்டும். நான் நாளை மறுநாள் கிளம்புகிறேன்.

இரண்டு டன் வண்டி தலைக்கு மேல் தொங்க, நீ அதன் கீழே நிற்பதை நினைத்து, ஏழு அளவுகளையும் இன்னொரு தடவை சரிபார்த்தேன். சிரிக்காதே.

அன்புடன்,
அண்ணன்

பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணனுக்கு,

சிரித்துவிட்டேன். பிறகு நிறுத்திக்கொண்டேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

டிப்போவிலிருந்து வந்து பத்து நாள் ஆகிறது. லிஃப்டை நேற்று பொருத்திவிட்டார்கள். கதவைத் தாண்டி உள்ளே வந்ததும் இடது கைப்பக்கம், படத்தில் போட்டபடியே, இரண்டு தூண்களும் வாயிற்காவலர்கள் மாதிரி நிற்கின்றன. கம்ப்ரஸரை வெளியே தகரக் கூண்டில் வைத்தேன். என் காது தப்பியது. பக்கத்து வீட்டு அக்கா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். வெல்டிங் மூலை பெட்ரோலுக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. ஸ்பானர்களைச் சுவரில் அளவு வாரியாக மாட்டி, ஒவ்வொன்றைச் சுற்றியும் பெயிண்டில் கோடு போட்டிருக்கிறேன். காணாமல்போனால் கோடு காட்டிக்கொடுக்கும்.

மேஜைக்கும் விளக்குக்கும் ஒரு படம் இத்துடன் இருக்கிறது. பார்த்துச் சொல்லுங்கள். நான் எதை வரைந்தாலும் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து மேலே பார்க்கிற கணக்குத்தான், இடம் வலம் மாறியிருக்கும். உங்களுக்குத் தெரியாததா.

இப்போது காரணம். போன மழைக்காலத்தில் டிப்போவில் ஜாக் வழுக்கி எங்கள் வெல்டரின் இடுப்பு நசுங்கியது. நான் இரண்டடி தள்ளி இருந்தேன். அதிலிருந்து வண்டிக்கு அடியில் போனாலே கை நடுங்குகிறது. வேலையை விட்டது அதனால்தான். மற்றவர்களிடம் சம்பளம் போதவில்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன். இங்கே நடுங்காது என்று நினைக்கிறேன். இது நீங்கள் நின்று போட்ட தரை.

இருபத்தைந்தாம் தேதி முதல் வண்டி. பேக்கரிக்காரரின் வேன்.

அன்புடன்,
தங்கச்சி

பிப்ரவரி 15

அன்புள்ள ஸ்பானருக்கு,

கடிதமும் படமும் கிடைத்தன. விளக்கு போதும். மேஜை இன்னும் ஒரு சாண் உயரமாக இருக்கலாம்.

தூண்களைச் சுற்றித் தரையில் கீறல் ஏதாவது தெரிகிறதா? போல்ட்டுக்குத் துளை போடும்போது நீ பக்கத்தில் இருந்தாயா? சும்மாதான் கேட்கிறேன். பேக்கரிக்காரருக்கு அவ்வளவு அவசரமா? வேனை ஒரு மாதம் கழித்துத் தூக்கினால் என்ன கெட்டுப்போகும்? அதுவரை அந்த மற்ற பாதியில் டயர் மாற்றுவது, பேட்டரி பார்ப்பது என்று சின்ன வேலைகள் செய்யலாமே.

இங்கே எல்லோரும் நலம். எனக்குத்தான் இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. உஷ்ணம் என்று நினைக்கிறேன்.

அண்ணன்

பிப்ரவரி 19

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்களுக்கு என்ன ஆயிற்று? போன் செய்கிறீர்கள். "சொல்லுங்கண்ணா" என்றால், "அங்க மழையா?" என்று கேட்டு வைத்துவிடுகிறீர்கள். அண்ணி வேறு கூப்பிட்டு, "உங்கண்ணன் சாப்பிட உக்காந்தா தட்டைப் பாக்காம தரையையே பாக்கறாரு. நீயாவது என்னன்னு கேளு" என்கிறார். டாக்டரிடம் போனீர்களா?

கேட்டதற்குப் பதில். துளை போடும்போது நான் கம்ப்ரஸர் எடுக்கப் போயிருந்தேன். திரும்பி வந்ததும் பொருத்த வந்தவர், "அக்கா, உங்கண்ணன் போட்ட தரை வெண்ணெய். டிரில் கடைசில தானா உள்ள போயிடுது" என்று சிரித்தார். இரண்டில் ஒரு தூணின் அடியில் முடி மாதிரி ஒரு கீறல் இருக்கிறது. புதுத் தரையில் வருவதுதான். லிஃப்டைக் காலியாக ஏற்றி இறக்கிப் பார்த்தேன், சத்தமே இல்லை.

டேப்பை எடுத்து நீயே அளந்து பார்க்கக் கூடாதா என்று மட்டும் கேட்காதீர்கள். நீங்கள் அளந்ததை நான் மறுபடி அளப்பேனா?

நேற்று லிஃப்டுக்குக் கீழே, மேலே வண்டி எதுவும் இல்லாமல், பத்து நிமிடம் சும்மா நின்றேன். கை நடுங்கவில்லை. இதை உங்களிடம் மட்டும்தான் சொல்கிறேன்.

தங்கச்சி

பிப்ரவரி 21

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைப் பிரித்த கையோடு போன் செய்தேன். "வண்டிய ஏத்தாத. காரணம் கூரியர்ல வருது" என்றேன். "ஏண்ணா, சொல்லுங்கண்ணா" என்று நீ கேட்டதும் வைத்துவிட்டேன். அந்தக் காரணத்தை வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

தூண்கள் இடப்பக்கம் நிற்கின்றன என்று நீ எழுதியிருந்தாய். நான் எட்டு அங்குலம் போட்டது வலப்பக்கம்.

உன் படத்தை நான் மேலேயிருந்து பார்க்கும் படமாகப் படித்தேன். வீட்டுப் படம், வயல் படம், வகுப்பறைப் படம் எல்லாவற்றையும் அப்படிப் படித்தே பழகியவன். நீ எதையும் கீழேயிருந்து வரைகிறவள் என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூட நாளில் நீ வரைந்த சைக்கிளைப் பார்த்துவிட்டு, "பெடல் ஏன் மாறியிருக்கு?" என்று கேட்டவனே நான்தான். தாளைத் திருப்பிப் பிடித்தால் வலது இடதாகும் என்று வருடந்தோறும் எட்டாம் வகுப்புக்குப் பாடம் நடத்தியவனும் நான்தான். அன்றைக்கு அது என் தலையில் உதிக்கவே இல்லை. ஏழு இடத்தில் அளந்தேன், சரியாக அளந்தேன், தப்பான பக்கத்தில் அளந்தேன்.

உன் தூண்கள் நான்கு அங்குலத்தில் நிற்கின்றன. டிரில் தானாக உள்ளே போனது தரை நல்ல தரை என்பதால் இல்லை. அடியில் மண் வந்துவிட்டது.

உன் முதல் கடிதம் வந்த அன்றே எனக்கு இது தெரியும். எட்டு நாள் சொல்லாமல் இருந்தேன். முதலில் உன் உயிருக்குப் பயந்தேன். அப்புறம், அங்கே கை நடுங்காது என்று நீ நம்பியது பொய்யாகிவிடுமோ என்று பயந்தேன். நேர்மையாகச் சொன்னால் இரண்டுக்கும் அடியில் இன்னொன்று இருந்தது. இனி நீ என்னிடம் எதையும் ஒப்படைக்கமாட்டாய் என்ற பயம். அதற்காக உன்னை அந்தத் தூண்களுக்கு நடுவில் பத்து நிமிடம் நிற்கவிட்டிருக்கிறேன். அந்த வரியைப் படித்ததும்தான் போனை எடுத்தேன்.

இடப்பக்கத் தரையை வெட்டி எடுத்துப் புதிதாகப் போடலாம், அல்லது தூண்களைக் கழற்றி வலப்பக்கம் மாற்றலாம். நீ எதைச் சொன்னாலும் வந்து நிற்கிறேன். வராதே என்றால் வரவில்லை. பேக்கரிக்காரரிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

ஆனால் இதையும் என் பேச்சை நம்பி முடிவு செய்யாதே. லிஃப்ட் காலியாக, முழுதும் கீழே இறங்கி இருக்கட்டும். தூணின் அடித்தட்டிலிருந்து இரண்டு முழம் தள்ளி, கான்கிரீட் டிரில்லால் விரல் பருமனுக்கு ஒரு துளை, மண் வரும்வரை. ஒரு கம்பியின் நுனியைக் கொக்கியாக வளைத்து உள்ளே விட்டு, தரையின் அடிவிளிம்பில் மாட்டி, கம்பியில் தரையின் மேல்மட்டம் வரும் இடத்தை நகத்தால் பிடித்துக்கொண்டு வெளியே எடுத்து, நீயே அளந்து பார்.

அண்ணன்